யோ ஆன்டிபாடி எதைப் பற்றுகிறது? ஒரு சிறுமூளைப் புரதத்தை அடையாளம் காண்பதில் நேர்ந்த குழப்பமும் அதன் விளைவுகளும்

சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களில் மிகச் சிலருக்கு, அந்தப் புற்றுநோய் கண்டறியப்படுவதற்கு முன்பாகவே, சில நாள்களிலோ சில வாரங்களிலோ நடை தள்ளாடத் தொடங்கும், பேச்சு குழறும், எதிரே இருக்கும் தம்ளரைக் கை நீட்டி எடுப்பதுகூட இயலாமல் போகும். மூளையை ஸ்கேன் செய்தால் கட்டி எதுவும் தென்படாது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் மட்டும் ‘யோ ஆன்டிபாடி பாசிட்டிவ்’ என்று ஒரு வரி இருக்கும்.

அந்த வரிக்குப் பொருள் தேடுபவருக்கு இரண்டு பெயர்கள் கிடைக்கின்றன. பழைய கட்டுரைகள் யோ ஆன்டிபாடியின் இலக்கு சிடிஆர்2 என்ற புரதம் என்கின்றன. 2019க்குப் பிந்தைய கட்டுரைகள் சிடிஆர்2எல் என்ற வேறொரு புரதத்தைச் சொல்கின்றன. ஆய்வகப் பொருள்களை விற்கும் நிறுவனங்களின் பட்டியலிலோ இவ்விரண்டு புரதங்களையும் கண்டறிவதற்கென்று தனித்தனி ஆன்டிபாடிகள் விற்பனைக்கு இருக்கின்றன. இரண்டு பெயர்கள் ஏன் வந்தன, அதனால் நோயாளிக்கு என்ன மாறுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, ஆன்டிபாடி எப்படி ஒரு ஆய்வுக் கருவியாக வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். விற்பனைக்கு வரும் ஓர் ஆன்டிபாடிக் குப்பியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் புரதத்தின் பெயர் நிரூபிக்கப்பட வேண்டிய ஒரு கூற்றுதான் என்பதை இந்த வரலாற்றைப் போலத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் நரம்பியலில் அதிகம் இல்லை.

ஆன்டிபாடி கருவியாவது எப்படி

ஆன்டிபாடி என்பது நம் நோயெதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் ஒரு புரதம். அது இன்னொரு புரதத்தின் முழு உருவத்தையும் பற்றுவதில்லை. அதன் ஒரு சிறு பகுதியை, பெரும்பாலும் சில அமினோ அமிலங்கள் அமைந்துள்ள இடத்தை மட்டுமே பற்றுகிறது. அந்த இடத்துக்கு எபிடோப் என்று பெயர். ஆன்டிபாடியைத் தூண்டிவிட்ட புரதத்தை ஆன்டிஜென் என்கிறோம்.

ஆய்வகங்கள் இந்தப் பற்றும் திறனைத் தேடும் கருவியாக மாற்றிக்கொண்டன. ஒரு மனிதப் புரதத்தை முயலுக்குச் செலுத்தினால், முயலின் இரத்தத்தில் அந்தப் புரதத்தின் பல இடங்களைப் பற்றும் ஆன்டிபாடிகள் கலவையாக உருவாகின்றன. இது பாலிகுளோனல் ஆன்டிபாடி. ஒரே ஒரு எபிடோப்பை மட்டும் பற்றும் ஆன்டிபாடியை ஒரே செல் வம்சத்திலிருந்து எடுக்கும் முறையை 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்தார்கள். 1984ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. இது மோனோகுளோனல். ஆன்டிபாடியின் மரபணு வரிசையையே படித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் அதே மூலக்கூறைச் செல் வளர்ப்பில் தயாரித்துக்கொள்வது மூன்றாவது வகை. இது ரீகாம்பினன்ட் ஆன்டிபாடி. முயல் இறந்துவிட்டால் பாலிகுளோனல் கலவை தீர்ந்துபோகும். மூன்றாவது வகைக்கு அந்தக் கவலை இல்லை.

இந்தக் கருவி பெரும்பாலும் மூன்று வேலைகளுக்குப் பயன்படுகிறது.

1. வெஸ்டர்ன் பிளாட்: செல்லின் புரதங்களை எல்லாம் மடிப்புக் கலைத்து, எடைவாரியாகப் பிரித்து, அவற்றில் தேடும் புரதம் எந்த எடையில் கோடாகத் தெரிகிறது என்று பார்ப்பது.

2. திசுச் சாயமேற்றம்: மூளையின் அல்லது கட்டியின் மெல்லிய சீவலில் புரதம் எந்தச் செல்லில், செல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பது.

3. இம்யூனோபிரெசிபிடேஷன்: ஆன்டிபாடியைத் தூண்டிலாக்கிக் கரைசலிலிருந்து புரதத்தை இழுத்தெடுப்பது.

முதல் வேலையில் புரதம் மடிப்புக் கலைந்து நீண்டு கிடக்கிறது. மூன்றாவதில் தன் இயல்பான மடிப்போடும் கூட்டாளிப் புரதங்களோடும் இருக்கிறது. இரண்டாவதில் பதப்படுத்தும் வேதிப்பொருள்கள் அதை உறைய வைத்திருக்கின்றன. எனவே ஒரு வேலையில் சிறப்பாக இயங்கும் ஆன்டிபாடி இன்னொன்றில் முற்றிலும் தவறலாம். இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளாமல் யோ ஆன்டிபாடியின் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

ஒன்றையும் இங்கே தெளிவுபடுத்திவிட வேண்டும். இந்த வரலாற்றில் இருவகை ஆன்டிபாடிகள் வருகின்றன. ஒன்று நோயாளியின் உடலே அவருடைய சொந்தப் புரதத்துக்கு எதிராக உருவாக்கியது. அறிக்கையில் வருவது அதுதான். மற்றொன்று ஆய்வகத்தில் விலங்கிலோ செல் வளர்ப்பிலோ தயாரித்து விற்கப்படுவது. முதலாவது எதைப் பற்றுகிறது என்று கண்டறிய இரண்டாவது தேவைப்படுகிறது; இரண்டாவது பழுதாக இருந்தால் முதலாவதைப் பற்றிய முடிவும் பழுதாகிறது.

புற்றுநோயும் சிறுமூளையும் சந்திக்கும் இடம்

சிறுமூளையின் புறணியில் பர்கின்ஜே செல்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. மூளையின் மிகப் பெரிய நரம்புச் செல்களில் இவையும் அடங்கும். புறணியிலிருந்து வெளியே செல்லும் செய்தி முழுவதும் இவற்றின் வழியாகவே செல்கிறது. இவை அழிந்தால் உடலசைவின் ஒருங்கிணைப்பு குலைந்துவிடும். நரம்புச் செல்கள் மீண்டும் பெருகுவதில்லை என்பதால் இழப்பு பெரும்பாலும் நிரந்தரமாகிவிடும்.

1983இல் கிரீன்லீ, பிரஷியர் ஆகிய இருவரும், சினைப்பைப் புற்றுநோயோடு சிறுமூளைச் சிதைவும் கொண்ட நோயாளிகளின் இரத்தத்தில் பர்கின்ஜே செல்களைப் பற்றும் ஆன்டிபாடிகள் இருப்பதை வெளியிட்டார்கள். பின்னர் இவ்வகை ஆன்டிபாடிக்கு ‘யோ’ என்று பெயர் நிலைத்தது. இத்துறையில் முதலில் அறியப்பட்ட நோயாளியின் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைச் சூட்டுவது வழக்கம். ‘ஹூ’, ‘ரி’ ஆகியவையும் அப்படி வந்தவையே.

நோய் உண்டாவதற்கான விளக்கம் இது: நரம்புச் செல்லில் இருக்க வேண்டிய ஒரு புரதத்தைக் கட்டி மிகுதியாக உருவாக்குகிறது. நோயெதிர்ப்பு மண்டலம் அதை அயலானாகக் கருதிக் கட்டியைத் தாக்குகிறது. அதே புரதம் பர்கின்ஜே செல்லிலும் இருப்பதால் தாக்குதல் அங்கும் பரவுகிறது. இந்தப் புரதம் செல்லின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது. எனவே செல்லைக் கொல்வதில் முதன்மைப் பங்கு டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களுக்கே என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆன்டிபாடியே நேரடியாகச் செல்லுக்குள் நுழைந்து கெடுதல் செய்கிறது என்பதற்கு எலிச் சிறுமூளைச் சீவல்களில் சான்றுகள் காட்டப்பட்டிருக்கின்றன. எந்த விளக்கம் சரியாக இருந்தாலும், தாக்கப்படும் புரதம் எது என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

சிடிஆர்2 வந்த வழி

1991இல் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. அக்காலத்தில் நடைமுறையில் இருந்த முறை இதுதான்: மனித மரபணுத் துண்டுகளை ஏராளமான பாக்டீரியத் திரள்களில் பகிர்ந்து வைத்து, அவை உருவாக்கும் புரதங்களின் மேல் நோயாளியின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் எஞ்சும் தெளிந்த திரவத்தை, பரப்பி, எந்தத் திரளில் ஆன்டிபாடி ஒட்டுகிறதோ அதில் இருக்கும் மரபணுவைப் படிப்பார்கள். இப்படிக் கிடைத்ததே சிடிஆர்2. சிறுமூளைச் சிதைவோடு தொடர்புடைய இரண்டாம் புரதம் என்பதன் சுருக்கம் அது. வெஸ்டர்ன் பிளாட்டில் 62 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவில் கோடாகத் தெரிவது இதுவே என்று கொள்ளப்பட்டது. அதன்பின் யோ ஆன்டிபாடி என்றால் சிடிஆர்2 ஆன்டிபாடி என்று பாடநூல்கள் எழுதின. மருத்துவமனைப் பரிசோதனைப் பட்டைகளிலும் ஆய்வகத்தில் தயாரித்த சிடிஆர்2 புரதமே பூசப்பட்டது.

சிடிஆர்2க்கு ஒரு உறவுப் புரதம் உண்டு. சிடிஆர்2 454 அமினோ அமிலங்களால் ஆனது, அதன் மரபணு 16ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சிடிஆர்2எல் 465 அமினோ அமிலங்களால் ஆனது, அதன் மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஏறக்குறைய பாதி வரிசை இரண்டுக்கும் பொது. அண்ணன் தம்பிபோல முகச்சாயல் ஒத்த இவ்விருவரில் யாரை நோயாளியின் ஆன்டிபாடி தேடுகிறது என்ற ஐயம் 2013இல், சிடிஆர்2எல்லையும் யோ ஆன்டிபாடிகள் பற்றுகின்றன என்று நார்வேயின் பெர்கன் ஆய்வுக்குழு காட்டியபோது எழுந்தது.

அதே குழு 2019இல் அதற்கு விடையளித்தது. நோயாளிகளின் சீரத்தையும் மூளைத் தண்டுவட நீரையும், சிடிஆர்2, சிடிஆர்2எல் ஆகியவற்றுக்கான ஆய்வக ஆன்டிபாடிகளையும் சிறுமூளைத் திசுவிலும் புற்றுநோய்ச் செல்களிலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யோ ஆன்டிபாடி, செல் தானாகவே உருவாக்கிக்கொண்ட சிடிஆர்2எல்லைப் பற்றியது; செல் தானாக உருவாக்கிக்கொண்ட சிடிஆர்2வைப் பற்றவில்லை. ஆனால் ஆய்வகத்தில் மரபணு நுட்பத்தால் தயாரித்த சிடிஆர்2வைப் பற்றியது. இந்த மூன்று வாக்கியங்களிலேயே முழுக் குழப்பத்துக்குமான விளக்கம் அடங்கியிருக்கிறது.

நுண்ணோக்கியின் கீழ் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். யோ சீரம் பட்ட பர்கின்ஜே செல்லில் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் முழுதும் முரடான பொட்டுகளாக நிறம் ஏறும். நடுவில் உட்கரு வெறுமையாகக் கிடக்கும். சிடிஆர்2எல் ஆன்டிபாடியும் அதே படத்தைத் தருகிறது. 2020இல் வெளியான தொடராய்வு, இப்புரதம், செல்லில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம்களோடு சேர்ந்திருப்பதைக் காட்டியது. சிடிஆர்2வோ உட்கருவுக்குள் ஆர்என்ஏவைச் செப்பனிடும் புரதங்கள் குழுமும் சிறு திட்டுகளில் தென்பட்டது. நோயாளியின் சீரம் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அந்த இடத்தில் சிடிஆர்2 இல்லை.

ஏன் 28 ஆண்டுகள் ஆயின

ஆய்வாளர்களின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. கருவிகளின் இயல்பே இந்தப் பாதையில் தள்ளியது.

1. முதல் அடையாளம் பாக்டீரியாவில் உருவான புரதத்தின் மேல் நிகழ்ந்தது. அங்கே புரதம் மனிதச் செல்லில் இருப்பதுபோல மடிந்திருக்க வேண்டியதில்லை; கூட்டாளிப் புரதங்கள் மறைக்கும் இடங்கள் திறந்து கிடக்கும்; அளவும் மிகுதி. இரு உறவுப் புரதங்களுக்கும் பொதுவான ஒரு வரிசை அங்கே எளிதில் அகப்படும்.

2. இரண்டின் அளவும் நெருக்கமானது. எடைவாரியாகப் பிரித்த கோட்டைப் பார்த்து மட்டும் எது எதென்று சொல்வது கடினம்.

3. முழு நீளச் சிடிஆர்2வைச் செலுத்திப் பெறும் பாலிகுளோனல் ஆன்டிபாடி, பொதுவான வரிசைகள் வழியே சிடிஆர்2எல்லையும் பற்றக்கூடும். அப்படிப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரித்தறியவே முடியாது.

4. திசுக்களில் யோ புரதத்தைத் தேட நோயாளிகளின் சீரத்தையே சாயமாகப் பயன்படுத்தும் வழக்கமும் இருந்தது. சீரம் ஒட்டிய இடமெல்லாம் சிடிஆர்2 இருக்கும் இடம் என்று எழுதினால், எதை நிறுவ வேண்டுமோ அதையே சான்றாக வைப்பதாகும். எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இந்த நான்காவது காரணந்தான். ஏனென்றால் இந்த வகைப் பிழையைப் புதிய கருவி எதுவும் தானாகச் சுட்டிக்காட்டாது.

மருத்துவமனையில் என்ன மாறுகிறது

யோ ஆன்டிபாடிக்கான வழக்கமான பரிசோதனை ஒரு சிறு பட்டையில் செய்யப்படுகிறது. பல ஆன்டிஜென்கள் கோடுகளாகப் பூசப்பட்ட அந்தப் பட்டையை நோயாளியின் சீரத்தில் நனைத்தால், பொருந்தும் ஆன்டிபாடி இருக்கும் கோடு மட்டும் நிறம் ஏறும். யோ கோட்டில் இருப்பது ஆய்வகத் தயாரிப்பான சிடிஆர்2. அதைப் பற்றுவது மட்டுமே நோய்க்கு அடையாளம் ஆகாது என்பதை மேலே கண்டோம். நடைமுறையிலும், யோ கோடு மங்கலாக நிறம் ஏறியும் சிறுமூளைச் சிதைவோ புற்றுநோயோ இல்லாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பெர்கன் குழுவும் பிற ஐரோப்பிய மையங்களும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, சிடிஆர்2எல்லையும் சோதனையில் சேர்த்தால் உண்மையான நோயாளிகளையும் தவறான பாசிட்டிவ்களையும் இன்னும் நன்றாகப் பிரிக்கலாம் என்று காட்டியது.

இது வெறும் ஆய்வகத் துல்லியம் பற்றிய பேச்சு அல்ல. 2021இல் பன்னாட்டு நிபுணர் குழு திருத்தி வெளியிட்ட வரையறையின்படி, யோ ஆன்டிபாடி ‘அதிக ஆபத்து’ வகையைச் சேர்ந்தது. அதாவது 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட நேர்வுகளில் உடலில் எங்கோ புற்றுநோய் இருக்கும் என்று கொள்ளப்படுகிறது. எனவே உண்மையான யோ பாசிட்டிவ் என்றால் மார்பகம், இடுப்புப் பகுதி உறுப்புகள் ஆகியவற்றை உடனே, விடாமல் சோதிக்க வேண்டும். முதல் சோதனையில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அதே தேடல் தவறான பாசிட்டிவ் ஒன்றினால் தொடங்கினால், ஆரோக்கியமான பெண் ஒருவர் ஸ்கேன்களுக்கும், சில நேரம் தேவையற்ற அறுவைச் சிகிச்சைக்கும், அவற்றினும் கொடிய மாதக்கணக்கான அச்சத்துக்கும் ஆளாகிறார். பட்டையில் நிறம் ஏறினால் அதை எலி மூளைச் சீவலில் சாயமேற்றி உறுதிப்படுத்த வேண்டும் என்று அதே குழு வலியுறுத்துவது இதனால்தான். பட்டை பாசிட்டிவ் என்றும் திசு நெகட்டிவ் என்றும் வந்தால் நம்ப வேண்டியது பெரும்பாலும் திசுவையே.

ஓர் ஆய்வக ஆன்டிபாடியை எப்படிச் சோதிப்பது

2016இல் ஸ்வீடனின் உலேன் முதலிய ஆய்வாளர்கள் அடங்கிய ஒரு பணிக்குழு, ஆன்டிபாடியின் உண்மைத்தன்மையை நிறுவ ஐந்து வழிகளைப் பரிந்துரைத்தது.

1. அந்தப் புரதத்தின் மரபணுவைச் செல்லிலிருந்து நீக்கிவிட்டு, ஆன்டிபாடி காட்டும் அடையாளமும் மறைகிறதா என்று பார்ப்பது.

2. ஆன்டிபாடியைச் சாராத வேறு முறையில் அளந்த அளவோடு பல மாதிரிகளில் ஒப்பிடுவது.

3. அதே புரதத்தின் வேறு எபிடோப்பைப் பற்றும் இன்னொரு ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது.

4. புரதத்தோடு ஓர் அடையாள வாலை இணைத்து உருவாக்கி, இரண்டும் ஒரே இடத்தில் தெரிகின்றனவா என்று பார்ப்பது.

5. ஆன்டிபாடி இழுத்தெடுத்தது எது என்பதை மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மூலம் படிப்பது.

ஐந்திலும் முதலாவதே உறுதியானது என்பது என் கணிப்பு. உறவுப் புரதங்கள் உள்ள இடத்தில் அதைத் தவிர்க்கவே கூடாது. சிடிஆர்2 ஆன்டிபாடி என்று விற்கப்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிடிஆர்2 மரபணுவை நீக்கிய செல்லில் அதன் கோடு முற்றிலும் மறைய வேண்டும். சிடிஆர்2எல் மரபணுவை நீக்கிய செல்லில் அது மாறாமல் நிற்க வேண்டும். முதலாவதை மட்டும் பார்த்து நிறுத்திக்கொண்டால் போதாது. முதல் செல்லில் கோடு மங்குகிறதே தவிர மறையவில்லை என்றால், எஞ்சியிருக்கும் நிறம் உறவுப் புரதத்தினுடையதாக இருக்கலாம். நான்காவது வழி இங்கே ஏமாற்றக்கூடியது: செல்லுக்குள் வலிந்து மிகுதியாக உருவாக்கிய புரதத்தை ஆன்டிபாடி பற்றுகிறது என்பது, இயல்பான அளவில் இருக்கும் புரதத்தையும் அது பற்றும் என்பதற்கு உறுதி ஆகாது. யோ ஆன்டிபாடியே அதற்குச் சாட்சி.

இந்தச் சோதனை எவ்வளவு தேவையானது என்பதைக் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து மான்ட்ரியல் நரம்பியல் நிறுவன ஆய்வாளர்கள், ஆன்டிபாடி உற்பத்தியாளர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நரம்பியலோடு தொடர்புடைய 65 புரதங்களுக்கென்று விற்கப்பட்ட 614 ஆன்டிபாடிகளை, மரபணு நீக்கிய செல்களை ஒப்பீடாக வைத்துச் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவை ஏதேனும் ஒரு பயன்பாட்டிலாவது தவறின. அப்படித் தவறியவை ஏராளமான வெளியான கட்டுரைகளில் பயன்படுத்தப்பட்டிருந்தன. மூன்று வகைகளில் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகளே சிறப்பாகச் செயல்பட்டன. நம்பிக்கை தரும் செய்தியும் அதில் உண்டு: பயன்பாட்டைப் பொறுத்து 50 முதல் 75 சதவீதப் புரதங்களுக்குக் குறைந்தது ஒரு நல்ல ஆன்டிபாடியாவது சந்தையில் இருந்தது, தவறியவற்றில் பாதிக்கும் மேலானவற்றை உற்பத்தியாளர்கள் மறுபரிசீலனை செய்தார்கள், பலவற்றின் பரிந்துரையை மாற்றினார்கள் அல்லது விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஹூ குடும்பத்திலும் இதே சிக்கல்

நுரையீரலின் சிறுசெல் புற்றுநோயோடு தொடர்புடைய ஹூ ஆன்டிபாடியின் இலக்குகள் ஒரு குடும்பமாகவே இருக்கின்றன. ஹூபி, ஹூசி, ஹூடி ஆகிய மூன்றும் முக்கியமாக நரம்புச் செல்களுக்கு உரியவை. ஹூஆர் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. நான்கும் ஆர்என்ஏவைப் பற்றும் புரதங்கள், வரிசையும் மிக ஒத்தது. ஹூடி 1991இல் அடையாளம் காணப்பட்டது. கட்டியில் ஹூடி இருக்கிறது என்று ஒரு கட்டுரை சொன்னால், அதற்குப் பயன்படுத்திய ஆன்டிபாடி ஹூஆரைப் பற்றவில்லை என்று காட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஹூஆர் எங்கும் இருப்பதால் அதைப் பற்றும் கருவி எந்தக் கட்டியிலும் பாசிட்டிவ் காட்டும். நரம்பு சார்ந்த மூன்றையும் ஒருசேரப் பற்றும் ஆன்டிபாடி நரம்புச் செல்லை அடையாளம் காண மிகப் பயனுள்ளது. ஹூடியை மட்டும் அளப்பதற்கு அது உதவாது.

பழைய முடிவுகளில் எவை நிற்கின்றன

யோ ஆன்டிபாடிக்கும் சினைப்பை, மார்பகப் புற்றுநோய்களுக்கும் உள்ள தொடர்பு அப்படியே நிற்கிறது. அது நோயாளியின் சீரத்தைத் திசுவின் மேல் வைத்து நேரடியாகக் கண்டது. புரதத்தின் பெயர் மாறியதால் அந்தக் கண்டறிதல் மாறாது.

சிடிஆர்2 புரதம் எந்தெந்தக் கட்டிகளில் இருக்கிறது, எந்த இயல்பான உறுப்புகளில் இல்லை என்று சொன்ன ஆய்வுகளை ஒவ்வொன்றாக மறுபடி படிக்க வேண்டும். அளந்தது ஆர்என்ஏ என்றால் கணக்கு நிற்கும். நோயாளியின் சீரத்தால் அளந்தது என்றால் அது பெரும்பாலும் சிடிஆர்2எல்லைப் பற்றிய தகவல். தனி ஆன்டிபாடியால் அளந்தது என்றால், அது எந்தத் துண்டைக் கொண்டு உருவாக்கப்பட்டது, மரபணு நீக்கிய செல்லில் சோதிக்கப்பட்டதா என்பதைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும். ஆய்வாளர்கள் தாங்கள் பயன்படுத்திய ஆன்டிபாடியின் பட்டியல் எண்ணையும், தயாரிப்புத் தொகுதி எண்ணையும், உலகளாவிய ஆய்வுப்பொருள் அடையாள எண்ணையும் கட்டுரையில் எழுதியிருந்தால்தான் இந்த மறுவாசிப்பு இயலும். பழைய கட்டுரைகள் பலவற்றில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது.

கட்டிகளின் மரபணுவைப் படித்த ஆய்வுகள் ஆன்டிபாடியையே சாராதவை என்பதால் இங்கே தனி மதிப்புப் பெறுகின்றன. யோ ஆன்டிபாடியோடு சிறுமூளைச் சிதைவு கண்ட பெண்களின் சினைப்பைக் கட்டிகளைப் பிரான்சின் லியோன் ஆய்வாளர்கள் 2018இல் ஆராய்ந்தபோது, பல கட்டிகளில் சிடிஆர்2எல் மரபணுவின் நகல்கள் இயல்பைவிடக் கூடியிருந்தன. சிடிஆர்2, சிடிஆர்2எல் ஆகியவற்றின் மரபணுக்களில் பிறழ்வுகளும் இருந்தன. டி செல்கள் அக்கட்டிகளில் மிகுதியாக ஊடுருவியிருந்தன. பெர்கன் குழு ஆன்டிபாடிகளைக் கொண்டு வந்துசேர்ந்த அதே புரதத்தை, ஓராண்டு முன்னதாகவே கட்டியின் டிஎன்ஏ சுட்டியிருந்தது.